ஓடித் தீர்க்கிற கடனா இது?

(நடைப்பயிற்சிக் குழு ஒன்றின் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

நண்பர்களே, வணக்கம்.

உள்ளே வரும்போது வாசலிலேயே ஒருவர் என்னை மடக்கினார். "சார், நான் தினமும் அஞ்சு கிலோமீட்டர் ஓடுறேன். சாயங்காலம் ஒரு பாக்கெட் சிப்ஸ் சாப்பிட்டா என்ன தப்பு? அதான் எரிச்சிடுறேனே!" என்றார். நான் திருப்பி ஒரு கேள்வி கேட்டேன். அதற்கு அவர் சொன்ன பதிலைக் கடைசியில் சொல்கிறேன். இப்போது மூன்றாவது வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறார், கை காட்ட மாட்டேன்.

கணக்கு என்னவோ அவர் பக்கம்தான். ஓடும்போது உடல் எடையில் ஒரு கிலோவுக்கு, ஒரு கிலோமீட்டருக்கு, ஏறத்தாழ ஒரு கலோரி செலவாகும். 70 கிலோ ஆள் 5 கிலோமீட்டர் ஓடினால் 350. 50 கிராம் சிப்ஸில் சுமார் 270. மிச்சம் 80 கலோரி லாபம். நான் மேடையை விட்டு இறங்கிவிடலாம்!

இந்தக் கணக்கைத் தன் உடம்பிலேயே போட்டுப் பார்த்தவர் ஒருவர் உண்டு. கான்சஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தின் சத்துணவுப் பேராசிரியர் மார்க் ஹாப். 2010-இல் பத்து வாரம், கிரீம் கேக்கும் சிப்ஸும்தான் அவருக்குப் பிரதான உணவு. நாளுக்குச் சுமார் 1,800 கலோரியோடு நிறுத்திக்கொண்டார். 12 கிலோ குறைந்தார். கூடவே சத்து மாத்திரை, புரத பானம், கொஞ்சம் காய்கறியும் எடுத்துக்கொண்டார் என்பதைக் கதை சொல்கிறவர்கள் விட்டுவிடுவார்கள்.

அவர் எண்ணி எண்ணித் தின்றார். நாம் எண்ணுகிறோமா?

அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில் கெவின் ஹால் குழுவினர் 2019-இல் வெளியிட்ட ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தது. 20 பேரை ஆய்வகத்திலேயே தங்கவைத்தார்கள். இரண்டு வாரம் ஆலையில் தயாரான உணவு, இரண்டு வாரம் சாதாரணச் சமையல். இரண்டு தட்டிலும் கலோரி, சர்க்கரை, கொழுப்பு, நார்ச்சத்து எல்லாம் ஒரே அளவாக இருக்கும்படி வைத்து, "வேண்டிய மட்டும் சாப்பிடுங்கள்" என்று விட்டுவிட்டார்கள். ஆலை உணவு கிடைத்தபோது நாளுக்குச் சுமார் 500 கலோரி கூடுதலாக உள்ளே போயிருக்கிறது. இரண்டே வாரத்தில் கிட்டத்தட்ட ஒரு கிலோ எடை ஏறியது. அவர்கள் வேகமாகவும் சாப்பிட்டார்கள். மெல்லும் வேலையே இல்லாத உணவு அது, வயிறு 'போதும்' என்று சொல்வதற்குள் தட்டு காலி. அந்த 500-ஐ எரிக்க நம் மூன்றாம் வரிசை நண்பர் இன்னும் 7 கிலோமீட்டர் ஓட வேண்டும்!

சர்க்கரைக்கு வருவோம். உணவில் சேரும் சர்க்கரை மொத்தக் கலோரியில் பத்தில் ஒரு பங்குக்குள் இருக்கட்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 2,000 கலோரி சாப்பிடுகிறவருக்கு அது 50 கிராம். 330 மில்லி கோலாவிலேயே 35 கிராம் போய்விடுகிறது. ஓட்டம் கலோரியைத் தின்னும், ஐயா. சாப்பிடாமல் விட்ட கீரையையும் பருப்பையும் கொண்டுவந்து தராது.

அதற்காக நான் பர்கரின் எதிரி இல்லை. மொன்டானா பல்கலைக்கழகத்தில் 11 பேரை 90 நிமிடம் சைக்கிள் மிதிக்கவைத்து, பிறகு ஒருமுறை துரித உணவும் இன்னொருமுறை விளையாட்டு வீரர்களுக்கான சத்துப் பொருள்களும் கொடுத்துப் பார்த்தார்கள். தசையில் சக்தி திரும்பச் சேர்ந்ததிலும் சரி, அடுத்து ஓட்டிய 20 கிலோமீட்டர் நேரத்திலும் சரி, சொல்லும்படி வித்தியாசமில்லை. இதைப் பர்கருக்குக் கிடைத்த பாராட்டு என்று நான் எடுத்துக்கொள்ளவில்லை. உறையில் ஓடுகிறவர் படம் போட்ட சர்க்கரைக் கட்டியை நாம் ஆரோக்கியம் என்று நம்பி வாங்குகிறோமே, அதற்கு விழுந்த குட்டு.

ஆகவே இடம் உண்டு. சாப்பாட்டுக்குப் பின்னால் கொஞ்சம், சாப்பாட்டுக்குப் பதிலாக வேண்டாம். பாக்கெட்டோடு உட்காராமல் கிண்ணத்தில் கொட்டிக்கொண்டு உட்காருங்கள். ஞாயிறு மதியம் நானும் ஐஸ்கிரீம் சாப்பிடுகிறேன், அன்று ஓடினேனா இல்லையா என்று பார்ப்பதில்லை. ஓட்டத்துக்குக் கூலியாகத் தின்ன ஆரம்பித்தால் கூலி ஏறிக்கொண்டேதான் போகும்.

வாசலில் நான் கேட்டது இதுதான்: "மழை பெய்து ஓட முடியாத நாளில் என்ன செய்வீர்கள்?"

அவர் யோசிக்கவே இல்லை. "வீட்டுல சும்மாதானே சார் இருக்கோம்... அன்னைக்கு ரெண்டு பாக்கெட்."