கோல் போடாமல் குதிகாலால் பந்தைப் பின்னால் தட்டிய குட்டி: அப்புறம் என்ன ஆனார்?

(திரையில்: கோல்கீப்பரை நோக்கித் தனியாக ஓடும் ஒரு வீரர். படம் அப்படியே உறைகிறது.)

இந்த இடத்தில் நீங்கள் இருந்தால் என்ன செய்வீர்கள்? முன்னால் கோல்கீப்பர் மட்டும்தான். பந்து உங்கள் காலடியில். அடித்தால் கோல். உலகத்தில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பேர் அடிப்பார்கள். இவர் அடிக்கவில்லை. கோலுக்கு முதுகு காட்டுகிற திசையில், குதிகாலால் பந்தைப் பின்னால் தட்டிவிட்டார்!

வணக்கம் நண்பர்களே. இன்றைக்கு ஹொசே மரியா குத்தியெரெஸ் என்கிற ஸ்பானிய நடுக்கள வீரரைப் பற்றிப் பேசப் போகிறோம். கால்பந்து உலகத்துக்கு இவர் வெறும் குட்டி. ஆமாம், நம் வீட்டுக் கடைசிப் பிள்ளையைக் கூப்பிடுவது போலவேதான் காதில் விழும். ஆனால் இந்தக் குட்டி ரியல் மாட்ரிட்டில் 542 ஆட்டம் ஆடியவர்.

சரி, அந்தக் காட்சிக்கு வருவோம். 2010 ஜனவரி 30. ஸ்பெயினின் வடமேற்கு மூலையில் லா கொருன்யா நகரம், ரியாசோர் மைதானம். எதிரணி டெப்போர்டிவோ. இந்த மைதானத்தில் ரியல் மாட்ரிட் லீக் ஆட்டம் ஒன்றை ஜெயித்து 18 வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. ஒவ்வொரு வருடமும் போவார்கள், தோற்றோ டிரா செய்தோ திரும்புவார்கள். போதாததற்கு, முந்தைய ஆட்டத்தில் சிவப்பு அட்டை வாங்கிய கிறிஸ்டியானோ ரொனால்டோ இந்த ஆட்டத்தில் இல்லை.

மாட்ரிட் ஒரு கோல் முன்னிலையில் இருக்கிறது. சக வீரர் காகா ஒரு பந்தை உள்ளே தள்ளுகிறார். குட்டி ஓடிப்போய் வாங்குகிறார். கோல்கீப்பர் அரன்சுபியா மறிக்க முன்னேறி வருகிறார். குதிகால். டக். பின்னாலிருந்து ஓடிவந்த இன்னொரு சக வீரர் பென்சிமா காலி வலைக்குள் பந்தை உருட்டிவிடுகிறார். ஆட்டம் முடிந்தபோது 3-1. பதினெட்டு வருட ஏக்கம் தீர்ந்தது.

(திரையில்: அதே காட்சி, மேலிருந்து வரைபடமாக.)

இப்போது கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம், எனக்கு இந்த வீடியோவிலேயே பிடித்த பகுதி இதுதான். கோல்கீப்பர்கள் பந்தை மட்டும் பார்ப்பதில்லை. உடம்பைப் படிக்கிறார்கள். ஊன்றிய கால் எந்தப் பக்கம், இடுப்பு எங்கே திரும்புகிறது, இதை வைத்துத்தான் எந்தப் பக்கம் பாய்வது என்று முடிவெடுக்கிறார்கள். குட்டியின் உடம்பு முழுக்க முன்னோக்கி ஓடுகிறது. அரன்சுபியாவும் தடுப்பாளர்களும் படித்தது அந்த உடம்பை. அவர்கள் படித்ததில் தப்பே இல்லை, பந்துதான் உடம்பு சொன்னதற்கு நேர் எதிராகப் போனது.

இன்னொரு நுணுக்கம். பென்சிமா பந்துக்குப் பின்னால் இருந்தார். பந்துக்குப் பின்னால் இருப்பவருக்கு ஆஃப்சைடு என்கிற, பந்தையும் தடுப்பாளர்களையும் தாண்டி முன்னால் நிற்கும் குற்றம் கிடையாது. அதாவது இந்தப் பாஸ் அழகானது மட்டுமல்ல, சட்டப்படியும் பத்திரமானது. துணை நடுவர் கொடியைத் தூக்க வழியே இல்லை.

ஆனால் உண்மையான கேள்வி, பென்சிமா அங்கே இருக்கிறார் என்று குட்டிக்கு எப்படித் தெரியும்? "முதுகுல கண்ணு இருக்கா?" என்று நம் ஊரில் கேட்போமே, அந்தக் கேள்வி.

இதற்கு நமக்குப் பழக்கமான ஒரு ஆள் இருக்கிறார். 2016 அக்டோபர், ராஞ்சி, நியூசிலாந்துடன் ஒருநாள் போட்டி. எல்லைக்கோட்டுப் பக்கமிருந்து பந்து வருகிறது. தோனி ஸ்டம்புக்கு முன்னால் நின்று அதைப் பிடித்து, திரும்பிக்கூடப் பார்க்காமல் பின்பக்கமாகத் தட்டிவிடுகிறார். பெயில்ஸ் பறக்கிறது, ராஸ் டெய்லர் ரன் அவுட். நினைவிருக்கிறதா? அன்றைக்கு நாம் எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்து வாயைப் பிளந்தோம்.

இரண்டும் ஒரே வித்தைதான். பார்க்காமல் செய்வது போல் தெரியும், ஆனால் பார்த்தது எல்லாம் முன்பே மண்டைக்குள் பதிந்திருக்கிறது. ஒரே ஒரு வித்தியாசம். ஸ்டம்ப் நகராது, பென்சிமா நகர்வார். குட்டி பந்தைத் தட்டிய நொடியில் பென்சிமா எங்கே இருந்தார் என்பது போதாது, அடுத்த நொடியில் எங்கே இருப்பார் என்று தெரிய வேண்டும். அதனால் என் தீர்ப்பு, குட்டிக்கு அரை மதிப்பெண் கூடுதல். தோனி ரசிகர்கள் கோபிக்க வேண்டாம், நானும் உங்களில் ஒருவன்தான். மாற்றுக்கருத்து இருந்தால் கமெண்டில் வாருங்கள், பேசுவோம்.

இது குருட்டு அதிர்ஷ்டம் என்று யாராவது சொன்னால், 2006 ஜனவரி செவியா ஆட்டத்தைக் காட்டுங்கள். அங்கேயும் பெனால்டி பெட்டிக்குள் அதே குதிகால் பாஸ். அன்றைக்கு ஓடிவந்து அடித்தவர் சிடான். ரியல் மாட்ரிட் சட்டையில் சிடான் போட்ட ஒரே ஹாட்ரிக் அந்த ஆட்டத்தில்தான் வந்தது. சிடான் பெயரை நினைவில் வையுங்கள், திரும்ப வருவார்.

சரி, வரலாற்றை வேகமாக முடித்துவிடுவோம். 1976-ல் மாட்ரிட்டுக்குப் பக்கத்தில் டோரெஹோன் தெ அர்டோஸில் பிறந்தார், சின்ன வயதிலேயே ரியல் மாட்ரிட் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்தார், 1995 டிசம்பரில் முதல் ஆட்டம், முதுகில் 14-ஆம் எண், 77 கோல், 5 லீக் பட்டம், 3 சாம்பியன்ஸ் லீக், 2010 கோடையில் ராவுல் விடைபெற்ற அதே நேரத்தில் அவரும் விடைபெற்றார். அப்புறம் துருக்கியின் பெஷிக்டாஷ், அங்கே ஒரு துருக்கிக் கோப்பை. அவ்வளவுதான்.

இதில் ஒன்றை மட்டும் ஓடிக் கடக்க முடியவில்லை. இவ்வளவு திறமை உள்ளவர் ஸ்பெயினுக்காக ஆடியது வெறும் 13 ஆட்டம். உலகக் கோப்பை ஒன்றில்கூட இல்லை. யூரோ கோப்பையிலும் இல்லை. கிளப்பிலும் ஃபீகோ, சிடான், பெக்காம் என்று ஆண்டுக்கு ஒரு நட்சத்திரத்தை வாங்கி அவருக்கு முன்னால் நிறுத்தினார்கள். முன்கள வீரர் மொரியெந்தெஸ் காயத்தில் படுத்த 2000-01 பருவத்தில் அவரை முன்களத்துக்குத் தள்ளினார்கள், லீக்கில் 14 கோல் போட்டார். பிறகு பழைய இடத்துக்கே திரும்பினார். "சோம்பேறி", "வீணாய்ப்போன திறமை" என்று எழுதினார்கள். எனக்கு இதில் உடன்பாடே இல்லை. உலகத்திலேயே கடினமான நடுக்களத்தில் பதினைந்து பருவம் இடம் பிடித்து நின்றவரை எப்படி வீண் என்று சொல்வது?

(திரையில்: ரியல் மாட்ரிட்டின் வால்தேபேபாஸ் பயிற்சி மைதானங்கள்.)

இப்போது இரண்டாவது பாதி. 2013-ல் குட்டி தான் வளர்ந்த பள்ளிக்கே பயிற்சியாளராகத் திரும்பினார். 2016-ல் ஹுவெனில் ஆ அணி அவர் கைக்கு வந்தது. 19 வயதுக்கு உட்பட்டவர்களின் மூத்த அணி அது. அப்போது அதற்கு மேல் கஸ்தீயா என்கிற இரண்டாம் அணி, அதற்கும் மேல் முதல் அணி. பல பையன்களின் கனவு உடைவதும் இந்த வயதில்தான், இந்த அணியில்தான்.

முதல் பருவத்திலேயே, 2016-17-ல், மூன்று கோப்பை. லீக்கில் தங்கள் பிரிவில் முதலிடம், பிரிவு வெற்றியாளர்கள் மோதும் கோபா தெ கம்பியோனெஸ், அப்புறம் இளையோருக்கான கோபா தெல் ரே. லீக்குக்கு மாதக்கணக்கில் நிதானம் வேண்டும். கோப்பை ஆட்டத்தில் ஒரு நாள் தடுமாறினால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். இந்த இரண்டு குணமும் பதினெட்டு வயதுப் பையன்களிடம் ஒரே வருடத்தில் வருவது லேசுப்பட்ட காரியம் இல்லை. ஐரோப்பிய அளவில் யூத் லீக்கில் அரையிறுதி வரை போய் பென்ஃபிகாவிடம் 4-2 என்று தோற்றார்கள். அந்த ஒன்று மட்டும் கைநழுவியது.

அதே சமயம் அதே வால்தேபேபாஸில் முதல் அணிக்கு யார் பயிற்சியாளர்? சிடான். 2006-ல் குதிகால் பாஸை வாங்கியவர் பெரியவர்களை வழிநடத்துகிறார், கொடுத்தவர் பையன்களை வழிநடத்துகிறார். 2018 மே மாதம் சிடான் விலகியபோது அடுத்து யார் என்ற பேச்சில் குட்டியின் பெயரும் அடிபட்டது. வேலை லோபெதெகிக்குப் போனது. குட்டி மீண்டும் பெஷிக்டாஷுக்கு, இந்த முறை துணைப் பயிற்சியாளராக. 2019 நவம்பரில் ஸ்பெயினின் இரண்டாம் பிரிவில் ஆடிய அல்மேரியா கிளப் தலைமைப் பயிற்சியாளர் பொறுப்பு கொடுத்தது, 2020 ஜூனில் பறித்தது. ஏழே மாதம்! அவசரக்காரக் கிளப்புகளில் பயிற்சியாளருக்கு அவகாசமே கிடைப்பதில்லை. பையன்களோடு இருந்த குட்டியைத்தான் நான் நம்புகிறேன். தன்னைத் தாண்டி ஒருவன் எங்கே ஓடப்போகிறான் என்று முன்கூட்டியே தெரிந்தவருக்கு அதைவிடப் பொருத்தமான வேலை எனக்குத் தோன்றவில்லை.

கடைசியாக ஒரு வேலை தருகிறேன். ரியாசோர் கோலைத் தேடி எடுத்து, நான்கில் ஒரு பங்கு வேகத்தில் ஓட விடுங்கள். பந்தையும் பார்க்காதீர்கள், பென்சிமாவையும் பார்க்காதீர்கள். காகாவின் பாஸ் வரும் முன்பிருந்தே குட்டியின் தலையை மட்டும் பாருங்கள். அது எப்போது, எத்தனை முறை திரும்புகிறது என்று எண்ணிக் கீழே எழுதுங்கள். எல்லோருடைய எண்ணிக்கையையும் வைத்து அடுத்த வீடியோவில் பார்ப்போம்.