எந்த வாரமோ அந்தப் பகுதி

நேயர்களுக்கு வணக்கம்.

யூதர்கள் தங்கள் வேதத்தைப் படிக்கும் முறையைப் பற்றி இன்று பேச வந்திருக்கிறேன். பல வருடங்களாக அதைக் கவனித்து வருகிறேன். அதில் எனக்கு மிகவும் பிடித்தது, எதைப் படிப்பது என்ற முடிவு படிப்பவர் கையில் இல்லை என்பது.

கிறிஸ்தவர்கள் பழைய ஏற்பாட்டின் முதல் ஐந்து நூல்களாக வாசிக்கிறார்கள் அல்லவா, ஆதியாகமம் தொடங்கி உபாகமம் வரை, அதுதான் தோரா. அதை 54 பகுதிகளாகப் பிரித்திருக்கிறார்கள். ஒரு பகுதிக்குப் பராஷா என்று பெயர். வாரம் ஒன்று, சில வாரங்களில் இரண்டைச் சேர்த்து, சனிக்கிழமை காலையில் ஜெப ஆலயத்தில் தோல் சுருளைத் திறந்து ராகத்தோடு வாசிப்பார்கள். சுருளில் மெய்யெழுத்துகள்தான் இருக்கும். உயிர்க்குறியும் கிடையாது, ராகக் குறிப்பும் கிடையாது. வாசிப்பவர் முன்கூட்டியே பாடம் செய்துகொண்டுதான் வர வேண்டும். சிம்ஹத் தோரா என்ற திருநாளன்று உபாகமத்தின் கடைசி வரியை முடித்த கையோடு ஆதியாகமத்தின் முதல் வரியைத் தொடங்கிவிடுகிறார்கள். பழங்காலத்தில் பாலஸ்தீன யூதர்கள் இதைச் சுமார் மூன்று ஆண்டுகளில் முடித்தார்கள். பாபிலோனியாவில் இருந்தவர்களின் ஓராண்டுச் சுற்றுதான் பிற்பாடு பரவலாக நிலைத்தது.

இதில் இன்றைய வாழ்க்கைக்கு என்ன இருக்கிறது? நாமாக ஒரு புனித நூலைப் பிரித்தால், ஏற்கெனவே மனதுக்குப் பிடித்த வரியிடம்தான் போய் நிற்போம். கைப்பேசியும் இப்போது அதையே செய்கிறது. நேற்று ரசித்ததைப் போலவே இன்னொன்றை இன்று காட்டுகிறது. வாராந்தர வாசிப்பு நம்மை அந்தச் சுகத்தில் விடுவதில்லை. நமக்குப் பிடிக்காத பகுதிக்கும் ஒரு வாரம் உண்டு. அதைத் தாண்டிக் குதிக்க முடியாது.

லேவியராகமத்தில் தஸ்ரியா, மெட்சோரா என்று அடுத்தடுத்து இரண்டு பகுதிகள். தோல் நோய், துணியில் பூசணம், வீட்டுச் சுவரில் படரும் கறை, இவைதான் விஷயம். யூதச் சிறுவன் 13 வயதில் தன் பிறந்தநாளை ஒட்டி வரும் பகுதியைச் சபை முன்னால் வாசித்து, அதைப் பற்றிச் சில வார்த்தை பேசுவது வழக்கம். இந்த வாரத்தில் பிறந்த பிள்ளைகளை நினைத்தால் பாவமாக இருக்கும்! ஆனாலும் பேசத்தான் வேண்டும். பழைய ரபிகளும், அதாவது யூத மத அறிஞர்களும், இதோடு மல்லுக்கட்டியிருக்கிறார்கள். எண்ணாகமத்தில் மிரியாம் தன் தம்பி மோசேயைப் பற்றிக் குறை பேசியபின் இதே நோய் அவளைப் பிடித்தது. அந்த இடத்தை வைத்து, இது புறங்கூறுதலுக்கு வந்த தண்டனை என்று விளக்கினார்கள்.

எனக்கு அந்த விளக்கத்தைவிட அதில் வரும் நடைமுறைதான் முக்கியமாகப் படுகிறது. நோய் தென்பட்டவரை ஆசாரியரிடம், அதாவது வழிபாடு நடத்தும் பூசாரியிடம், கொண்டுவருகிறார்கள். அவர் பார்க்கிறார். சந்தேகம் இருந்தால் உடனே தீர்ப்புச் சொல்வதில்லை. ஏழு நாள் தனியே வைத்துவிட்டு மறுபடி பார்க்கிறார். தேவைப்பட்டால் இன்னும் ஏழு நாள். நோய் உறுதியாகி வெளியே அனுப்பப்பட்டவர் குணமாகிவிட்டாரா என்று பார்க்க, ஆசாரியர்தான் மக்கள் தங்கியிருக்கும் பாளையத்தைவிட்டு நடந்து போக வேண்டும். இப்போது ஒரு காணொளித் துணுக்கு காலையில் பரவுகிறது, மாலைக்குள் ஒரு மனிதரின் வேலையும் பெயரும் போய்விடுகின்றன. அவரைத் தேடி அப்புறம் யாரும் போவதில்லை. அந்த ஏழு நாள் நமக்கு எவ்வளவு தேவைப்படுகிறது!

அதே அதிகாரத்தில் இன்னொரு வரியும் உண்டு. நோய் உறுதியானவர் கிழிந்த உடையோடு, ‘தீட்டு, தீட்டு’ என்று கூவிக்கொண்டு, ஊருக்கு வெளியே தனியாக இருக்க வேண்டும். நம் ஊர்க் காதுக்கு இது கூடுதலாகவே வலிக்கும். இதை நான் பூசி மெழுக மாட்டேன். ஒவ்வொரு ஆண்டும் இந்த வரி சபை நடுவே உரக்க வாசிக்கப்படுகிறது என்பதால்தான், இதற்குப் பதில் தேடும் கடமையும் ஒவ்வொரு தலைமுறைக்கும் வந்து சேர்கிறது.

இன்னொரு பகுதி யாத்திராகமத்தில், மிஷ்பாத்திம். அதற்கு முந்தைய வாரம் சீனாய் மலை, இடி, மின்னல், பத்துக் கட்டளை. சரி, அடுத்து என்ன? முட்டும் மாடு, மூடாமல் விட்ட குழி, கடன், அடகு. ஏழையின் மேலாடையை ஈடாக வாங்கினால் பொழுது சாயும் முன் திருப்பிக் கொடுத்துவிடு, அவன் போர்த்திக்கொள்ள வேறு எதுவும் இல்லை, வேறு எதைப் போர்த்திக்கொண்டு தூங்குவான் என்று கேட்கிறது வேதம். ஒரு சட்ட வாசகம் கடன் வாங்கியவனின் தூக்கத்தைப் பற்றி விசாரிக்கிறது! சில லோன் ஆப்காரர்கள் தவணை தவறியவரின் கைப்பேசியில் உள்ள உறவினர்களை எல்லாம் நள்ளிரவில் கூப்பிட்டு மானத்தை வாங்கும் காலத்தில், இதைப் பழைய சட்டம் என்று என்னால் ஒதுக்க முடியவில்லை.

இந்த வாராந்தரப் படிப்பை இருபதாம் நூற்றாண்டில் சாதாரண மக்களின் சமையலறை மேசை வரை கொண்டுபோனவர் நெகாமா லைபோவிட்ஸ். 1905-இல் ரிகாவில் பிறந்து, ஜெர்மனியில் படித்து, 1930-இல் எருசலேமுக்கு வந்தவர். 1942-இல் அவரிடம் படித்துவிட்டு ஊர் திரும்பிய பெண்கள், வீட்டிலிருந்தே தொடர்ந்து படிக்க வழி கேட்டார்கள். அந்த வாரப் பகுதியை ஒட்டிச் சில கேள்விகளைத் தாளில் அச்சடித்து அனுப்பினார். கேட்பவர்கள் பெருகிப் பெருகி, சுமார் 30 ஆண்டுகள் அது நடந்தது. விவசாயிகள், படைவீரர்கள், செவிலியர்கள், இல்லத்தரசிகள் எனப் பலரும் பதில் எழுதித் தபாலில் அனுப்புவார்கள். அவரே சிவப்பு மையால் திருத்தித் திருப்பி அனுப்புவார். கடினமான கேள்விக்குப் பக்கத்தில் ஒரு பெருக்கல் குறி, மிகக் கடினமானதற்கு இரண்டு. பதினோராம் நூற்றாண்டில் பிரான்சில் வாழ்ந்த உரையாசிரியர் ராஷியின் ஒரு குறிப்பைக் கொடுத்து, ‘ராஷிக்கு இங்கே என்ன இடறியது?’ என்று கேட்பது அவர் வழக்கம். உரை என்ன சொல்கிறது என்று அவர் கேட்கவில்லை, மூலத்தில் எது உரைகாரரை நிறுத்தியது என்று கேட்டார். அதைச் சொல்ல வேண்டுமானால் நாமே மூலத்தை ஒவ்வொரு சொல்லாகப் படித்தாக வேண்டும்.

அந்த வகையில் உங்களுக்கும் ஒரு கேள்வி. யாத்திராகமம் 23-ஆம் அதிகாரத்தில், சுமை தாங்காமல் விழுந்து கிடக்கும் கழுதை உன்னைப் பகைக்கிறவனுடையதாக இருந்தாலும் உதவி செய் என்று வருகிறது. உபாகமம் 22-இல் ஏறக்குறைய அதே சட்டம், ஆனால் அங்கே அது சகோதரனின் கழுதை. முன்பு பகைவன் என்றது, பின்பு ஏன் சகோதரன் என்கிறது? இரண்டு இடத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்துப் பாருங்கள். பழைய ரபிகளின் விவாதங்களைத் தொகுத்த நூலான தால்மூதும் இதோடு ஒட்டி ஒன்று சொல்கிறது: நண்பனின் விலங்கிலிருந்து சுமை இறக்கவும், பகைவனின் விலங்கில் சுமை ஏற்றவும் ஒரே நேரத்தில் ஆள் தேவைப்பட்டால், முதலில் பகைவனிடம் போ. பதிலை நாலு வரியில் எழுதி, வீட்டில் ஒருவரிடம் காட்டுங்கள். இதற்கு இரண்டு பெருக்கல் குறி போடலாம் என்பது என் கணிப்பு.

நன்றி, வணக்கம்.