கடைமடைக்கும் தண்ணி வரணும்: எங்க காலனி நீச்சல் குளத்த பங்கு போட்ட கதை

வணக்கங்க, எல்லாரும் சௌக்கியமா. மணி இப்ப காலைல 6.40, பின்னாடி நீலமா தெரியுது பாருங்க, அதுதான் எங்க குளம். காத்து அடிக்குது, குரல் கேக்கலேன்னா கொஞ்சம் சவுண்ட் கூட்டி வெச்சுக்கங்க. ஆடி பொறந்துடுச்சுல்ல, காவேரில தண்ணி ஓடுது, அரசலாறும் நொப்பும் நுரையுமா போவுது, நேத்து பாலத்துல நின்னு பாத்துட்டு வந்தேன், மனசு நெறஞ்சு போச்சு.

புதுசா பாக்குறவங்களுக்கு சொல்லிடறேன், நாங்க இருக்கறது கும்பகோணத்துக்குப் பக்கத்துல ஒரு ரிட்டயர்மென்ட் காலனி, எல்லாரும் 60 தாண்டினவங்க, குளம் ஒண்ணே ஒண்ணு. நீளம் 15 மீட்டர், அகலம் 6 மீட்டர், இந்தப் பக்கம் 3 அடி, சரிஞ்சுக்கிட்டே போயி அந்தக் கோடில 5 அடி. கணக்கு போட்டுப் பாத்தேன், சுமார் 1 லட்சத்து 10 ஆயிரம் லிட்டர் வருது, 12,000 லிட்டர் டேங்கர்ல 9 லோடு. இவ்வளவு தண்ணிய சுத்தி உக்காந்துக்கிட்டு எங்களுக்குள்ள ஒரு வருஷமா சண்டை, அது எப்படி ஓரளவு சரியாச்சு, இன்னும் எது சரியாகல, அதத்தான் இன்னைக்கு பேசப் போறேன்.

நான் பொறந்தது தலைஞாயிறு பக்கம். டெல்டாக்காரங்களுக்கு இது ஒண்ணு சொன்னா போதும், கடைமடை, அதாவது பாசனத் தண்ணி கடைசியா வந்து சேர்ற எடம். மேட்டூர் ஜூன் 12 தொறக்கணும்னு கணக்கு, 2024ல ஜூலை 28 தான் தொறந்தாங்க, சரி எப்ப தொறந்தாலும் கல்லணைல வந்து காவேரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய்னு பிரிஞ்சு, அதுலேர்ந்து ஆறு, வாய்க்கா, கன்னிங்கற சின்ன வாய்க்கான்னு பிரிஞ்சு பிரிஞ்சு எங்க ஊருக்கு வந்து சேர்றதுக்குள்ள தலைமடைல நாத்து பச்சை கட்டிடும். தண்ணி குறைவான வருஷம் முறை வெப்பாங்க, இத்தனை நாள் வெண்ணாறுக்கு, இத்தனை நாள் காவேரிக்குன்னு. பேப்பர்ல முறை எல்லாருக்கும் சமம்தான். ஆனா எங்க முறை வந்தாலும் முதல் ரெண்டு நாள் தண்ணி வாய்க்கால நனைக்கறதுக்கே சரியாப் போயிடும், எங்க அப்பா ராத்திரி அரிக்கேன் விளக்கோட மதகடில போயி உக்காந்திருப்பாரு, மேல யாரும் பலகை போட்டு அடைச்சுடக் கூடாதேன்னு. நேரம் சமமா குடுத்தா தண்ணி சமமா வந்துடாதுன்னு எனக்கு 8 வயசுலயே தெரியும்ங்க. அப்படி வளந்தவ, இந்தக் குளத்துலயும் ஒரு கடைமடை இருக்குன்னு பாக்கறதுக்கு எனக்கு ரெண்டு வருஷம் ஆச்சு, அதுதான் எனக்கு வருத்தம்.

முதல்ல என் முழங்கால் கதை. தேய்மானம், ரெண்டு காலும். டாக்டர் தண்ணில நடங்கன்னாரு. தண்ணில நின்னா உடம்பு லேசாவும், அது எல்லாருக்கும் தெரியும், ஆனா எவ்வளவு ஆழத்துல நிக்கறோம்ங்கறதுலதான் விஷயம் இருக்கு. இடுப்பு வரைக்கும் தண்ணி இருந்தா நம்ம எடைல பாதி குறையும், நெஞ்சு வரைக்கும் இருந்தா மூணுல ஒரு பங்கு எடைதான் கால்ல எறங்கும், கழுத்து வரைக்கும்னா பத்துல ஒரு பங்கு. நான் 5 அடி 1 அங்குலம், எனக்கு நெஞ்சு மட்டம் வேணும்னா 4 அடி ஆழம் வேணும். இப்ப எங்க குளத்துல பழைய ஏற்பாடு என்னன்னு பாருங்க, நடுவுல குறுக்க ஒரு கயிறு கட்டிட்டாங்க, ஆழமான பக்கம் நீச்சல் அடிக்கறவங்களுக்கு, 3 அடி பக்கம் நடக்கறவங்களுக்கு. ஆளுக்குப் பாதி, பாக்க நல்ல நியாயமாத்தான் இருந்துச்சு. ஆனா அந்த 3 அடில எனக்கு இடுப்பு தாண்டல, நடந்து முடிச்சு வெளிய வந்தா முட்டி அப்படியே வலிக்கும். உயரமான ஆம்பளைங்களுக்கு தொடை வரைக்கும்தான் தண்ணி, அவங்களுக்கு அது ரோட்டுல நடக்கற மாதிரிதான். நீச்சல் அடிக்கறவங்களும் பாவம், பாதி குளம்னா ஏழரை மீட்டர், நாலு தடவ கை வீசறதுக்குள்ள சுவர் வந்துடும், திரும்பு திரும்புன்னு திரும்பிக்கிட்டே இருக்கணும்.

இதுக்கு வழி சொன்னது யாருன்னா, ஒரு 78 வயசுப் பெரியவரு. சின்ன வயசுல கொள்ளிடத்துல நீந்தின உடம்பு, இன்னைக்கும் தண்ணில விழுந்தாருன்னா மீன்தான். ஆரம்பத்துல அவருக்கும் எனக்கும்தான் பெரிய வாக்குவாதம், ஏம்மா நீங்கள்லாம் ஓரமா நடந்தா என்னன்னு கேட்டாரு, நான் அந்த எடைக் கணக்க சொன்னேன், கேட்டுட்டு ஒண்ணும் பேசாம போயிட்டாரு. மறுநாள் காலைல வந்து, கயித்த குறுக்க கட்டாம நெடுக்க கட்டினா என்னன்னு கேட்டாரு பாருங்க! நெடுக்க கட்டினா ரெண்டு பக்கத்துக்கும் 3 அடிலேர்ந்து 5 அடி வரைக்கும் எல்லா ஆழமும் கெடைக்குது, யாருக்கு எது வேணுமோ அங்க நின்னுக்கலாம், நீந்தறவங்களுக்கு 15 மீட்டர் முழுசா கெடைக்குது. அவங்க பக்கம் அகலம் குறையுது, அதனால ஒரு பக்கமா போயி மறுபக்கமா வரணும், கோயில் பிரகாரம் மாதிரி எல்லாரும் ஒரே சுத்துதான், எதிர்க்க வரக் கூடாது. இப்படி மூணு பேர் தாராளமா நீந்தலாம். நாலாவது ஆள் வந்தா படில உக்காந்து பத்து நிமிஷம் பொறுத்துக்கணும். கயித்துக்கு ஆன செலவு, ரெண்டு பக்கச் சுவத்துலயும் கொக்கி அடிச்ச கூலி மட்டும்தான்.

அடுத்தது நேரம். பொம்பளைங்களுக்கு தனி நேரம் வேணும்னு கேட்டதுக்கு 11லேர்ந்து 12 குடுத்தாங்க. சமையல முடிச்சுட்டு வரலாம்லன்னு ஒருத்தர் சொன்னாரு, கெட்ட எண்ணத்துல சொல்லல, ஆனா எனக்கு சுருக்குன்னு இருந்துச்சு. சித்திரை வெயில் 11 மணிக்கு எப்படி இருக்கும்னு தஞ்சாவூர் ஜில்லாக்காரங்களுக்கு நான் சொல்லணுமா, தளக்கல்லுல கால் வெக்க முடியாது. நாலு பேர் வந்தோம், அப்புறம் ரெண்டு பேர், அப்புறம் யாரும் வரல. உடனே கமிட்டில, பாருங்க உங்களுக்கு நேரம் குடுத்தோம் நீங்கதான் வர்றதில்லன்னாங்க. எங்க அப்பா காலத்துல எங்க ஊர்ல கேட்ட அதே பேச்சு, முறை வெச்சோமே, நீங்க நாத்து விடாதது யார் குத்தம்னு.

நான் என்ன செஞ்சேன்னா ஒரு பழைய நோட்டுல மணிவாரியா கோடு போட ஆரம்பிச்சேன், எத்தனை பேர் உள்ள இருக்காங்கன்னு, செக்யூரிட்டி தம்பியும் கூட எழுதிக் குடுத்தாரு. ரெண்டு வாரம் எழுதினதுல காலை 6லேர்ந்து 8 நெரிசல், 10லேர்ந்து 4 மணி வரைக்கும் குளம் சும்மா கெடக்கு. தண்ணி பத்தாம இல்ல, நிழல் பத்தல. நாத்தங்காலுக்குக் கட்டுற பச்சை நெட்டு இருக்கே, அத வாங்கி ஒரு பக்கமா கம்பி நட்டு இழுத்துக் கட்டினோம், இப்ப 4 மணிக்கு முன்னாடியே தாராளமா எறங்கலாம். அதோட பொம்பளைங்க நேரம் ஒரே எடத்துல நிக்காது, ஒரு வாரம் காலை 7லேர்ந்து 8, அடுத்த வாரம் சாயந்தரம் 5லேர்ந்து 6, மாறி மாறி. புருஷன் பொண்டாட்டி சேந்து வரணும்னா பொது நேரம் இருக்கு, எங்க பிளாக்ல ஒரு மாமி அவங்க வீட்டுக்காரருக்கு கை நடுக்கம், கையப் புடிச்சுக்கிட்டு தெனம் நடக்கறாங்க, அவங்களுக்கு அந்தப் பொது நேரம்தான் உசிரு.

பேர் குடுக்கறதுலயும் ஒரு கோளாறு இருந்துச்சு. சாயந்தரம் 6 மணிக்கு வாட்ஸ்அப் குரூப்ல லிஸ்ட் வரும், முதல்ல பேர் போட்டவங்களுக்கு காலை நேரம். ரெண்டு நிமிஷத்துல முடிஞ்சுடும். கண்ணு சரியா தெரியாதவங்க, பட்டன் ஃபோன் வெச்சிருக்கறவங்க, அந்த நேரத்துல கோயிலுக்குப் போயிருக்கறவங்க யாருக்கும் கெடைக்காது. இப்ப வாசல் கேட்டுல ஒரு நோட்டு வெச்சிருக்கு, பாதி எடம் நோட்டுக்கு பாதி வாட்ஸ்அப்புக்கு. இன்னைக்கு கெடச்சவங்க நாளைக்கு எழுதினா வரிசைல கடைசி. இத எதுத்தவங்க இருக்காங்க, இன்னமும் எதுக்கறாங்க, அவங்க சொல்றத நான் ஒத்துக்கல.

மே மாசம் பேரப்பிள்ளைங்க விஷயம். சத்தம் தாங்கலன்னு சில பேர் சொன்னாங்க, அதுல ஒருத்தங்க தனியா எங்கிட்ட வந்து, எங்க பேத்தி அமெரிக்காலேர்ந்து நாலு வருஷமா வரலக்கா, அந்தக் கும்மாளத்தப் பாத்தா உள்ள என்னமோ பண்ணுதுன்னு அழுதாங்க. அத கமிட்டில சொல்ல முடியாது. சாயந்தரம் 4.30லேர்ந்து 6 பிள்ளைங்களுக்கு, தாத்தாவோ பாட்டியோ கரைல இருக்கணும், மே முடிஞ்சா அந்த நேரம் திரும்ப எல்லாருக்கும், அவ்வளவுதான் வெச்சோம்.

ஒரு சமாச்சாரம் மட்டும் நான் கொஞ்சம் கண்டிப்பா சொல்லணும். குளத்துல மருந்து வாடை தூக்கலா அடிச்சா கிளோரின் அதிகம் போட்டுட்டான்னு பூல் பாக்கற தம்பியத் திட்டறோம். அது பெரும்பாலும் அப்படி இல்லீங்க, நம்ம வேர்வை, சிறுநீர் இதோட எல்லாம் கிளோரின் சேர்றப்ப வர்ற வாடை அது, குளோரமின்னு பேரு, கண்ணு எரியறதும் அதனாலதான். கிளோரின் 1லேர்ந்து 3 பிபிஎம், அதாவது பத்து லட்சத்துல 1லேர்ந்து 3 பங்கு, தண்ணியோட அமில காரத் தன்மைய காட்டற பிஹெச் 7.2லேர்ந்து 7.8 இருக்கணும், அந்தத் தம்பி தெனம் பாத்து போர்டுல எழுதறாரு. நாம செய்ய வேண்டியது எறங்கறதுக்கு முன்னாடி சோப்பு போட்டு குளிக்கறது, எண்ணெய் தேய்ச்சுக்கற அன்னைக்கு, அது வெள்ளியோ சனியோ, குளத்துக்கு வராம இருக்கறது. அப்புறம் காட்டன் நைட்டி, புடவையோட எறங்காதீங்க, நூல் பிரிஞ்சு ஃபில்டர்ல போயி அடைக்குது, முழுக்கை நைலான் டிரஸ் கெடைக்குது, மானமா இருக்கும். சக்கரை உள்ளவங்க கால்ல புண்ணு இருந்தா ஆறற வரைக்கும் வேண்டாம்.

இப்ப இன்னும் சரியாகாத விஷயம். அங்க போர்டு தெரியுதா, கேமராவ திருப்பறேன், மூணாவது வரி, பணியாளர்கள் குளத்தில் இறங்கக் கூடாது. நான் கட்டுன கயிறு, நோட்டு, நெட்டு எல்லாத்துக்கும் நடுவுல இந்த வரிய தெனம் தாண்டித்தான் போனேன். எங்க பிளாக்ல ஒரு பெரியம்மா, 81 வயசு, பக்கவாதம் வந்து இடது பக்கம் பலம் கம்மி. டாக்டர் சரின்னுட்டாரு, பிசியோகாரரும் தண்ணில நடக்க வைங்கன்னாரு. அவங்கள யார் புடிச்சுக்கறது, பகல் பூரா அவங்கள குளிப்பாட்டி, சோறு ஊட்டி, தூக்கி உக்கார வெக்கற பொண்ணு ஒண்ணு இருக்கு, பாபநாசம் பக்கத்துலேர்ந்து பஸ்ல வருது, 24 வயசு. அந்தப் பொண்ணு எறங்கக் கூடாது. அதனால பெரியம்மாவும் எறங்க முடியாது. ரெண்டு பேரும் தெனம் அந்த சிமெண்ட் பெஞ்சுல வந்து உக்காந்து, நாங்க நடக்கறத பாத்துட்டுப் போறாங்க, மடில துண்ட மடிச்சு வெச்சுக்கிட்டு.

போன கூட்டத்துல நான் இதக் கேட்டப்ப, ஒருத்தர விட்டா அப்புறம் எல்லாரும் எறங்குவாங்கன்னு ஒரு குரல் வந்துச்சு. அதுக்கு என்ன அர்த்தம்னு இந்த மண்ணுல பொறந்த யாருக்கும் விளக்க வேண்டியதில்ல. எந்தக் குளத்துல யார் கால் வெக்கலாம்னு இங்க எத்தனை தலைமுறையா சொல்லிக்கிட்டு இருந்தாங்கன்னு நமக்குத் தெரியும். நம்ம உடம்ப தொட்டுத் தொடைக்கற கை, நம்ம தண்ணிய மட்டும் தொடக் கூடாதா? அதே சோப்பு, அதே குளியல், அதே டிரஸ், அதே தொப்பி, வேற என்ன வேணும். அன்னைக்கு எனக்கு கை நடுங்கிடுச்சு, சரியா பேச முடியல. கொள்ளிடத்துப் பெரியவருதான் எழுந்து, என் நேரத்துல அரை மணி அவங்களுக்கு எழுதிக்கங்கன்னாரு. முடிவு எடுக்கல, தள்ளி வெச்சுட்டாங்க.

வர்ற ஞாயித்துக்கிழமை 10 மணிக்குத் திரும்ப கூட்டம். இந்த மாதிரி காலனில இருக்கறவங்க யாராவது பாத்தீங்கன்னா, உங்க ஊர்ல கூட இருந்து பாத்துக்கறவங்க குளத்துல எறங்கலாம்னு விதி இருந்தா, அத எப்படி எழுதி வெச்சிருக்கீங்கன்னு கீழ போடுங்க, அந்த வரிய அப்படியே எடுத்துட்டுப் போயி வாசிக்கறேன், சனிக்கிழமை ராத்திரிக்குள்ள வேணும். நைலான் டிரஸ் ரெண்டு வாங்கி வெச்சிருக்கேன், ஒண்ணு பெரியம்மாவுக்கு, ஒண்ணு அந்தப் பொண்ணுக்கு, அளவு சரியா இருக்கான்னு இன்னைக்கு சாயந்தரம் போட்டுப் பாக்கணும்.