வள்ளத்துக்குப் பின்னாடி உக்காந்திருக்கிற பையன்

(காட்சி: பாம்பன் கரை, விடிகாலை. விசைப்படகுகள் நங்கூரத்துல நிக்குது.)

குரல்: ஏப்ரல் 15லேர்ந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் தடைக்காலம். விசைப்படகு கடலுக்குப் போகாது, கரையில ஆள் கூட்டம். அதுல, கவுத்துப் போட்ட வள்ளத்துக்குப் பின்னாடி ஒதுங்கி உக்காந்திருக்கிற பையனைப் பாருங்க. வயசு 14. இவன் ஒரு தனி ஆள் இல்ல. இந்தக் கரையோரத்துல நான் பாத்த பல பிள்ளைகளைச் சேத்து உருவாக்கின பையன்.

எல்லை தாண்டினார்னு இலங்கைக் கடற்படை அப்பாவைப் பிடிச்சுட்டுப் போச்சு. அதுக்கப்புறம் இவன் ஸ்கூலுக்கு ஒழுங்கா போகல. ஏலக்கூடத்துல மீன் திருடி மாட்டினான், ஒருத்தன் மண்டையை உடைச்சான். "தறுதலையாப் போயிட்டான்"னு தாய்மாமன் கை கழுவிட்டாரு.

ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் இவன் முழிச்சுக் கிடக்கிறது யாருக்கும் தெரியாது. பிடிச்ச நெத்திலிக் குழம்பை வச்சாலும் ரெண்டு வாயோட எந்திரிச்சுடுறான்.

(காட்சி: தட்டுல ஆறிப்போன சோறு.)

குரல்: இந்த வயசுல மனச்சோர்வு அழுகையாத்தான் வரணும்னு இல்ல. பல பிள்ளைகள்கிட்ட சிடுசிடுப்பா, கோபமா வரும். அதனால வீட்டுக்குத் திருட்டு தெரியுது, சோர்வு தெரியல.

சரி, இதுல எது பின்னாடி போதையில கொண்டுபோய் விடுது? மனச்சோர்வை மட்டும் தனியா எடுத்துப் பாத்த ஆய்வுகள் ஒரே மாதிரி பதில் சொல்லல. அடிதடி, திருட்டுன்னு சின்ன வயசுலயே தொடங்குற நடத்தைச் சிக்கலுக்கும் போதைக்கும் உள்ள தொடர்புதான் திரும்பத் திரும்ப உறுதியாத் தெரியுது. ரெண்டும் ஒரே பிள்ளைகிட்ட சேந்தா, ஆபத்து இன்னும் கூடும்.

ஏன்னா, திருடினவனோட யாரும் தங்கள் பிள்ளையைச் சேர விடமாட்டாங்க. மிச்சம் இருக்கிற சேர்க்கை வள்ளத்துக்குப் பின்னாடிதான். அங்கதான் கூல் லிப்ங்கிற புகையிலைப் பாக்கெட்டும் கைமாறுது. உதட்டுக்குள்ள ஒதுக்கினா கொஞ்ச நேரம் மனசு மரத்த மாதிரி இருக்கும். அது இறங்கினதும் முன்னைவிட வெறுமை, மறுபடி ஒண்ணு. சேர்க்கை பொருளைக் கையில குடுக்குது, சோர்வு அதை விடாம பிடிச்சுக்க வைக்குது.

தொடங்குற வயசும் முக்கியம். 1997ல வெளிவந்த அமெரிக்க ஆய்வுல, 15 வயசுக்கு முன்னாடி குடிக்கத் தொடங்கினவங்கள்ல 40 சதவீதத்துக்கு மேல பின்னாடி குடிக்கு அடிமையாகியிருந்தாங்க. 20 வயசுக்கு அப்புறம் தொடங்கினவங்கள்ல சுமார் 10 சதவீதம்தான். பரம்பரையும் வீட்டுச் சூழலும் இதுல கலந்திருக்கு, ஆனாலும் தள்ளிப்போடுற ஒவ்வொரு வருஷமும் லாபம்னுதான் நான் நினைக்கிறேன்.

தாய்மாமன்மாருக்கு ஒண்ணு சொல்லணும். உளவியலாளர் டெர்ரி மோஃபிட் 1993லயே எழுதினாங்க: விடலைப் பருவத்துல தப்பு பண்ற பெரும்பாலான பிள்ளைகள் வளர வளர அதை விட்டுடுவாங்க. அதுக்குள்ள போதை பிடிச்சுட்டா, இல்ல போலீஸ் கேஸ் விழுந்துட்டா, விட்டு வர்றது கஷ்டமாயிடும்.

மனநலம்னாலே இந்தக் கரைக்கு ஏர்வாடிதான் ஞாபகம் வரும். 2001 ஆகஸ்ட் 6ல, சங்கிலியில கட்டிக் கிடந்த மனநோயாளிகள் தீயில கருகின ஊர். அந்தப் பயத்துலயே பிள்ளையோட சோர்வை மறைக்கிற அம்மாக்களை எனக்குத் தெரியும். அம்மா, இதுக்குச் சங்கிலி வேணாம். பேச்சு வழியாவே சிகிச்சை இருக்கு, தேவைப்பட்டா மருந்தும் இருக்கு. அரசாங்கத்தோட மனநல உதவி எண் 14416க்கு போன் போட்டா தமிழ்லயே பேசலாம், காசு கிடையாது.

(காட்சி: வள்ளத்துக்குப் பக்கத்துல தாய்மாமன் வந்து உக்காருறார்.)

குரல்: "ஏன்டா திருடின?"ன்னு தொடங்காதீங்க. "ராத்திரி தூக்கம் வருதாய்யா?"ன்னு கேளுங்க. அவன் உடனே பதில் சொல்லமாட்டான். எந்திரிச்சுப் போயிடாதீங்க.