முதுகு தேய்க்க ஒரு கை

வணக்கம் நேயர்களே. தென்கொரியாவின் பூசான் நகரத்தில் சில காலம் வேலை பார்த்தவன் என்பதால், அந்த ஊர்க்காரர்கள் எப்படிக் குளிக்கிறார்கள் என்று பேசச் சொல்லி நிலையத்தார் அழைத்தார்கள். சந்தோஷமாக ஒப்புக்கொண்டேன். அந்த நாட்டில் எனக்கு மிகவும் பிடித்த இடமே அவர்களுடைய பொதுக் குளியல்கூடம்தான்.

முதலில் வீட்டுக் குளியலைச் சொல்லிவிடுகிறேன். கொரிய அடுக்குமாடி வீடுகளில் குளியலறையும் கழிப்பறையும் பெரும்பாலும் ஒன்றுதான். ஷவருக்கென்று தடுப்போ திரையோ பல வீடுகளில் இருக்காது. தண்ணீர் தரை முழுக்க ஓடி ஓரத்து வடிகாலில் இறங்கும். அதனால் உள்ளே போட்டுக்கொள்ள வாசலிலேயே ஒரு ஜோடி பிளாஸ்டிக் செருப்பு கிடக்கும். சுவரில் பாய்லருக்கு ஒரு சின்னப் பலகை இருக்கும். அதில் வெந்நீர்ப் பொத்தானை அழுத்திவிட்டுத்தான் குளிக்கப் போவார்கள். வேலைக்கோ பள்ளிக்கோ கிளம்புமுன் காலையில் தலைக்கு ஷாம்பு போட்டுக் கழுவுவது பலருக்கு அன்றாடப் பழக்கம்.

துடைக்கும் துண்டோ சின்னது, முகம் துடைக்கிற அளவுதான். அதன் ஓரத்தில் ஏதாவது எழுத்து அச்சடித்திருக்கும். குழந்தையின் முதல் பிறந்தநாள், தாத்தாவின் அறுபதாம் ஆண்டு, ஒருவர் பணி ஓய்வு பெற்ற நாள் என்று விசேஷத்துக்கு வந்தவர்களுக்குத் துண்டு கொடுப்பது அங்கே வழக்கம். ஒரு வீட்டின் துண்டு அலமாரியைத் திறந்தால் சொந்தபந்தம் அத்தனையும் தேதியோடு மடித்து வைத்திருக்கும்.

இதெல்லாம் தினசரிக் குளியல். உடம்பைத் தேய்த்துக் குளிப்பது என்றால் மோகியோக்தாங் போக வேண்டும். தெருவுக்குத் தெரு இருந்த பொதுக் குளியல்கூடத்துக்கு அதுதான் பெயர். ஒரு கிண்ணத்திலிருந்து மூன்று ஆவிக்கோடுகள் எழும்புகிற மாதிரி சிவப்பில் ஒரு குறி போட்டிருப்பார்கள். உயரமான புகைபோக்கியில் கடையின் பெயர் எழுதியிருக்கும். வீடுகளில் வெந்நீர் வசதி இல்லாத காலத்தில் வாரக் கடைசியில் குடும்பத்தோடு அங்கே போவார்கள். சோல்லால் என்கிற புத்தாண்டும் சூசோக் என்கிற அறுவடைத் திருநாளும் நெருங்கினால் உள்ளே உட்கார இடம் கிடைக்காது. முன்னோருக்குப் படையல் போடுமுன் உடம்பு சுத்தமாக இருக்க வேண்டும் அல்லவா?

ஆண்களுக்குத் தனி, பெண்களுக்குத் தனி. உள்ளே யாரும் துணி உடுத்துவதில்லை. நேயர்களில் பலருக்கு இது கூச்சமாக இருக்கும். ஆனால் அங்கே யாரும் யாரையும் பார்ப்பதில்லை. தாத்தா, பேரன், அலுவலக மேலாளர், மாமனாரோடு வந்த மருமகன், எல்லோரும் சின்ன ஸ்டூலில் உட்கார்ந்து சோப்புப் போட்டுக்கொண்டிருப்பார்கள். சோப்புப் போட்டு நன்றாகக் கழுவிய பிறகுதான் தொட்டியில் இறங்கலாம். இந்த ஒரு விதியில் மட்டும் யாரும் விட்டுக்கொடுக்க மாட்டார்கள். தொட்டிகள் மிதமான சூட்டில் ஒன்று, கொதிக்கிற மாதிரி ஒன்று, சில்லென்று ஒன்று என்று இருக்கும். சூட்டுத் தொட்டியில் கழுத்தளவு மூழ்கியிருக்கும் பெரியவர்கள் "ஆ, ஷிவொன்ஹாதா", அதாவது "அப்பாடா, இதமாக இருக்கிறது" என்று பெருமூச்சு விடுவார்கள்.

அரை மணி நேரம் ஊறித் தோல் மெத்தென்று ஆனபிறகு, அப்புறம்தான் முக்கியமான வேலை. கையுறை போல உள்ளங்கையில் மாட்டிக்கொள்கிற சொரசொரப்பான சின்னத் துணி, பெரும்பாலும் பச்சை நிறம். இதற்கு இத்தாலி டவல் என்று பெயர். பிறந்தது 1960-களில் பூசானில். துணி இத்தாலியிலிருந்து வந்த விஸ்கோஸ் என்பதால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. சோப்பு இல்லாமல், ஈர உடம்பில் அழுத்தித் தேய்க்க வேண்டும். பென்சில் எழுத்தை ரப்பரால் அழித்தால் உருளுமே, அந்த மாதிரி சாம்பல் நிறத்தில் சுருள் சுருளாக உதிரும். செத்த தோலும் வியர்வையும் எண்ணெய்ப் பிசுக்கும்தான் அது. முடித்து எழுந்தால் தோல் சிவந்து, உடம்பு லேசாகி, நல்ல பசியெடுக்கும். அடிக்கடி இப்படித் தேய்த்தால் தோல் வறண்டு புண்ணாகும் என்று தோல் மருத்துவர்கள் சொல்வதையும் சொல்லிவிடுகிறேன்.

காசு கொடுத்தால் தேய்த்துவிடவும் ஆள் உண்டு. அவரை சேஷின்சா என்பார்கள். பிளாஸ்டிக் விரித்த மேடையில் நம்மைப் படுக்க வைத்து, கை காது இடுக்கு எதையும் விடாமல் தேய்ப்பார். திரும்பிப் படுக்க வேண்டுமென்றால் வாயைத் திறக்க மாட்டார். மேடையில் ஒரு தட்டு தட்டுவார், அவ்வளவுதான். கடுமையான உடலுழைப்பு அது. அந்த வேலை செய்பவர்கள் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு.

ஆனால் சாதாரண ஜனங்கள் முதுகுக்கு வேறு வழி வைத்திருந்தார்கள். கை எட்டாத இடம் அது. அப்பா மகன் முதுகைத் தேய்ப்பார், மகன் அப்பா முதுகைத் தேய்ப்பான். தனியாக வந்தவர் பக்கத்து ஸ்டூலில் இருக்கும் முன்பின் தெரியாத ஆளிடம், "முதுகு தேய்த்துக்கொள்ளலாமா?" என்று கேட்பார். முதலில் இவர் அவருக்கு, அப்புறம் அவர் இவருக்கு. என்னிடமும் ஒரு முதியவர் துணியை நீட்டினார். சுருக்கம் விழுந்த தோலாயிற்றே என்று நான் மெதுவாகத் தேய்க்க, "இன்னும் அழுத்தி!" என்று அதட்டினார். என் முறை வந்தபோது அவர் துளியும் தாட்சண்யம் காட்டவில்லை. நகரத்தில் ஒரு வெளிநாட்டுக்காரனை அவ்வளவு இயல்பாகத் தொட்டுப் பழகியவர் வேறு யாரும் இல்லை.

கொரியர்களின் குளியல் மோகம் இன்று நேற்று வந்ததில்லை. 1123-இல் கோரியோ என்ற பழைய கொரிய அரசுக்குத் தூதுக்குழுவோடு வந்த சூ ஜிங் என்ற சீன அதிகாரி எழுதி வைத்திருக்கிறார்: இவர்கள் காலையில் எழுந்ததும் குளித்துவிட்டுத்தான் வெளியே வருகிறார்கள், கோடையில் இரண்டு வேளை குளிக்கிறார்கள், சீனர்கள் அழுக்கு என்று சிரிக்கிறார்கள் என்று. ஓடைகளில் ஆணும் பெண்ணும் சேர்ந்தே குளித்தார்களாம். பின்னால் ஜோசன் காலத்தில் கன்பூசிய ஒழுக்கம் இறுகியபோது அதெல்லாம் மறைந்தது. அந்த ஜோசன் வம்சத்து மன்னர் சேஜோங், கண் நோய்க்காக ஓன்யாங் வெந்நீர் ஊற்றுக்குப் போய்த் தங்கியிருக்கிறார். சந்திர நாட்காட்டியில் ஐந்தாம் மாதம் ஐந்தாம் நாள் வரும் தானோ திருநாளில் பெண்கள் சாங்போ என்ற செடியைக் கொதிக்கவைத்த நீரில் தலை அலசுவார்கள். அது வேறொன்றுமில்லை, நம் வீட்டில் பிள்ளைக்கு உரைத்துக் கொடுக்கிற வசம்பு.

1990-களில் ஜிம்ஜில்பாங் பரவியது. குளியலோடு சேர்த்து, சூடான தரையில் ஆணும் பெண்ணும் பருத்தி உடையில் படுத்து உருளும் கூடம். சுட்ட முட்டை, ஷிக்கே என்கிற இனிப்பு அரிசிப் பானம் எல்லாம் கிடைக்கும். குடும்பத்தோடு போக நல்ல இடம்தான். எனக்கென்னவோ பழைய தெருக் குளியல்கூடமே போதும். குளித்து முடித்த பிள்ளைக்கு அப்பா வாங்கித் தருவது வாழைப்பழப் பால். 1974-இல் பிங்ரே நிறுவனம் கொண்டுவந்த, குடம் போல் வயிறு பருத்த அந்தச் சின்னப் பாட்டில் இன்றைக்கும் விற்கிறது.

இந்தக் கூடங்கள் இப்போது ஒவ்வொன்றாக மூடப்படுகின்றன. வீட்டுக்கு வீடு ஷவர் வந்தாயிற்று. கோவிட் காலத்தில் ஆள் வரவில்லை, பிறகு எரிவாயு விலை ஏறியது. தென்கிழக்கே கியோங்சாங் வட்டாரத்துக் கூடங்களில் முதுகு தேய்க்க ஒரு இயந்திரமே உண்டு. சுவரோரம் சுழலும் வட்டில் முதுகைச் சாய்த்தால் அது தேய்க்கும். வேலை முடியும், ஆனால் அதனிடம் பேச முடியாதே. கூடம் மூடினால் அதிகம் கஷ்டப்படுவது தனியாக வாழும் வயதானவர்கள். வீட்டில் வழுக்கும் தரை, குளிர்காலத்தில் வெந்நீர்ச் செலவு, முதுகுக்கு ஆள் இல்லை.

வட ஜொல்லா மாகாணத்துக் கிராமங்களில் இதற்கு ஒரு நல்ல காரியம் செய்தார்கள். பொதுப்பணத்தில் சின்னச் சின்னக் குளியல்கூடங்கள் கட்டி, குறைந்த கட்டணத்தில் முதியவர்களைக் குளிக்க விடுகிறார்கள். பல இடங்களில் ஒரே தொட்டிதான் என்பதால் ஒரு நாள் ஆண்களுக்கு, மறுநாள் பெண்களுக்கு. நகரங்களிலும் இப்படி ஏற்பாடு வர வேண்டும் என்பது என் ஆசை. பூசானில் அந்த முதியவர் போய்க்கொண்டிருந்த கூடம் இருந்த தெருவில் இன்னொன்று கிடையாது.