ஜப்பானில் எம்.எஸ்சி. படிக்க எந்தப் பல்கலைக்கழகம், ஆங்கிலம் மட்டும் போதுமா? – சந்தேகங்களுக்கு விளக்கம்

வணக்கம். இன்றைக்கு ஒரே ஒரு கேள்வியைத்தான் எடுத்துக்கொள்கிறேன். அதற்குள்ளேயே நாலைந்து கேள்விகள் இருக்கின்றன. பி.எஸ்சி. வேதியியல் கடைசி ஆண்டு படிக்கும் ஒரு தங்கை அனுப்பியிருக்கிறார். "அண்ணா, எம்.எஸ்சி.க்கு ஜப்பான் போக ஆசை. தொழில்நுட்பத்துக்கென்றே இருக்கும் பல்கலைக்கழகம் நல்லதா, கலை, சட்டம், மருத்துவம் என்று எல்லாத் துறையும் இருக்கும் தொஹோகு மாதிரிப் பெரிய பல்கலைக்கழகம் நல்லதா? ஆங்கிலத்திலேயே படித்துவிடலாம் என்கிறார்கள், உண்மையா? என்னுடையது மூன்று வருட டிகிரி, ஏற்றுக்கொள்வார்களா? அப்பா செலவைக் கேட்கிறார். அம்மாவுக்குச் சாப்பாட்டுக் கவலை, நாங்கள் சைவம்" என்று எழுதியிருக்கிறார்.

நான் படித்தது சென்டாய் நகரில் இருக்கும் அந்தத் தொஹோகுவில்தான். அதனால் அதையே உதாரணமாக வைத்துப் பேசுகிறேன். மற்றப் பெரிய தேசியப் பல்கலைக்கழகங்களிலும் நடைமுறை பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்.

முதலில், பல்கலைக்கழகத்தின் பெயரைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். ஜப்பானில் அறிவியல் முதுகலை என்றால் அட்மிஷன் கடிதத்தில் பல்கலைக்கழகத்தின் பெயர் இருக்கும். ஆனால் உங்கள் இரண்டு வருட வாழ்க்கை நடப்பது ஒரு பேராசிரியரின் லேபில். பட்டத்துக்கு 30 கிரெடிட் போதும். வகுப்புகள் பெரும்பாலும் முதல் வருடத்திலேயே முடிந்துவிடும். மீதி நேரம் முழுக்க ஆராய்ச்சிதான். லேபில் உங்களுக்கென்று ஒரு மேசை கொடுப்பார்கள். பேராசிரியருக்குக் கீழே இணைப் பேராசிரியர், உதவிப் பேராசிரியர், அப்புறம் முனைவர் பட்ட மாணவர்கள், முதுகலை மாணவர்கள், இளநிலைக் கடைசி ஆண்டுப் பிள்ளைகள் என்று ஒரு குடும்பம் போல இருக்கும். வாரம் ஒரு முறை செமினார் நடக்கும், அதை ஜப்பானில் 'ஜெமி' என்பார்கள். முறை வைத்து ஒவ்வொருவரும் தான் செய்த வேலையையோ, படித்த ஒரு ஆய்வுக் கட்டுரையையோ எல்லோர் முன்னாலும் விளக்க வேண்டும். நம் ஊரில் எம்.எஸ்சி. மாணவரிடம் இவ்வளவு எதிர்பார்க்க மாட்டார்கள். உங்களுக்கு ஆராய்ச்சியில் ஆசை இருந்தால் இதைவிட நல்ல பயிற்சி கிடையாது. பரீட்சைக்குப் படித்து மார்க் வாங்குவது மட்டும்தான் பிடிக்கும் என்றால் இந்த இரண்டு வருடம் கஷ்டமாக இருக்கும். இதை இப்போதே யோசித்துக்கொள்ளுங்கள்.

அதனால் முதல் வேலை, பேராசிரியரைத் தேடுவது. வேதியியல் துறையின் இணையதளத்தில் ஒவ்வொரு லேபுக்கும் தனிப் பக்கம் இருக்கும். அங்கே அண்மையில் வந்த கட்டுரைகளின் பட்டியலைப் பாருங்கள். அதில் இரண்டையாவது முழுதாகப் படியுங்கள், புரிந்த அளவுக்குப் போதும். பிறகு ஒரு சின்ன மின்னஞ்சல் எழுதுங்கள்: நான் இன்னார், இன்ன கல்லூரி, உங்கள் இந்தக் கட்டுரையில் இந்த இடம் என்னைக் கவர்ந்தது, என் கல்லூரி புராஜெக்டில் இதைச் செய்தேன், உங்கள் லேபில் இதைத் தொடர இடம் உண்டா. அவ்வளவுதான். "மதிப்பிற்குரிய ஐயா, உங்கள் புகழ்பெற்ற ஆய்வகத்தில்" என்று ஆரம்பித்து நூறு பேருக்கு ஒரே கடிதத்தை அனுப்பினால் ஒருவர்கூடப் படிக்க மாட்டார். அவர்களுக்குத் தினமும் அப்படிக் கடிதங்கள் வருகின்றன. இரண்டு வாரம் பதில் வரவில்லை என்றால் ஒரே ஒரு நினைவூட்டல் அனுப்பலாம். அதற்கும் பதில் இல்லையென்றால் அடுத்த லேபைப் பாருங்கள், மனம் தளர வேண்டாம்.

ஒரு எச்சரிக்கை. எல்லா இடத்திலும் நேரடியாக எழுத முடியாது. கியோட்டோ பல்கலைக்கழகத்தில் பல துறைகளுக்கு, வெளிநாட்டு மாணவர்கள் முதலில் சேர்க்கை உதவி அலுவலகத்தில் பதிவு செய்து, அவர்கள் வழியாகத்தான் பேராசிரியரை அணுக வேண்டும். அதனால் எழுதுவதற்கு முன் துறையின் விதியைப் படித்துவிடுங்கள்.

மூன்று வருட டிகிரி பற்றி. இது நம் பிள்ளைகள் நிறையப் பேருக்கு இருக்கும் பயம். ஜப்பானில் முதுகலைக்கு 16 வருடப் படிப்பு வேண்டும் என்பது பழைய பொது விதி. நமக்குப் பள்ளி 12, கல்லூரி 3, ஆக 15தான் வருகிறது. 2016-ல் விதியைத் தளர்த்தினார்கள்: வெளிநாட்டில் முறைப்படி மதிப்பீடு செய்யப்பட்ட பல்கலைக்கழகத்தில் மூன்று வருடமோ அதற்கு மேலோ படித்து இளநிலைப் பட்டம் வாங்கியிருந்தால் தகுதி உண்டு. ஆனாலும் சில துறைகள் உங்கள் தகுதியைத் தனியாகப் பரிசீலித்துப் பார்ப்பார்கள். அதற்கான காகிதங்களை விண்ணப்பத்துக்குச் சில மாதங்கள் முன்பே கேட்பார்கள். கடைசித் தேதிக்கு இரண்டு நாள் முன்னால் இதைக் கண்டுபிடித்தால் ஒரு வருடம் போய்விடும். பேராசிரியர் சரி என்று சொன்ன அன்றைக்கே துறை அலுவலகத்துக்கு எழுதிக் கேளுங்கள்.

'கென்க்யூசெய்', அதாவது ஆராய்ச்சி மாணவர் என்று ஒரு வழியும் இருக்கிறது. பட்டம் கிடையாது, ஆறு மாதமோ ஒரு வருடமோ லேபில் இருந்துகொண்டு நுழைவுத் தேர்வுக்குத் தயாராகலாம். தேசியப் பல்கலைக்கழகங்களில் இதற்கு வழக்கமான கட்டணம் மாதம் 29,700 யென், சேர்க்கைக் கட்டணம் 84,600 யென். ஜப்பானிய மொழியில் படிக்கப் போகிறவர்களுக்கு இது நல்ல வழி. ஆங்கில வழிப் படிப்புக்கு நேரடியாக விண்ணப்பிக்க முடிகிறவர்கள் இதில் பணத்தையும் காலத்தையும் செலவழிக்கத் தேவையில்லை என்பது என் கருத்து.

சரி, எல்லாத் துறையும் இருக்கும் இடத்தில் அப்படி என்ன லாபம்? தொஹோகுவில் இலக்கியம், கல்வியியல், சட்டம், பொருளாதாரம், அறிவியல், மருத்துவம், பல் மருத்துவம், மருந்தியல், பொறியியல், வேளாண்மை என்று பத்துப் புலங்கள். வேதியியல் படிப்பவருக்கு இதன் அருமை லேபுக்குள் போன பிறகுதான் தெரியும். உங்கள் மாதிரியை ஒரு கருவியில் அளக்க வேண்டும், உங்கள் துறையில் அந்தக் கருவி இல்லை என்று வையுங்கள். மருந்தியலிலோ பொறியியலிலோ யாரிடமாவது இருக்கும். கதாஹிரா வளாகத்தில் உலோகப் பொருட்களுக்கென்றே ஒரு ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. 1917-ல் கே.எஸ். என்ற காந்த எஃகைக் கண்டுபிடித்த ஹோண்டா கோதாரோ வளர்த்த இடம் அது. அஒபாயாமா மலைமேல் இருக்கும் புது வளாகத்தில் நானோதெரசு என்ற சின்க்ரோட்ரான் மையம் 2024 ஏப்ரலில் வேலை செய்ய ஆரம்பித்தது. பொருளின் உள்ளமைப்பை மிக நுணுக்கமாகப் பார்க்கும் எக்ஸ் கதிர்கள் அங்கே கிடைக்கும். இதெல்லாம் ஒரே ஊருக்குள், சுரங்க ரயில் போகும் தூரத்துக்குள்.

வேதியியல் படிக்கும் ஒரு பெண்ணுக்கு நான் கட்டாயம் சொல்ல விரும்புவது இன்னொன்று. ஜப்பானில் முதன்முதலாகப் பெண்களைச் சேர்த்துக்கொண்ட பல்கலைக்கழகம் இதுதான். 1913-ல் மூன்று பெண்கள் சேர்ந்தார்கள். கல்வி அமைச்சகம் விளக்கம் கேட்டுக் கடிதம் அனுப்பியது, பல்கலைக்கழகம் பின்வாங்கவில்லை. அந்த மூவரில் இருவர், குரோதா சிகாவும் தாங்கே உமேயும், வேதியியல் மாணவிகள். குரோதா ஒரு செடியின் வேரிலிருந்து எடுக்கும் ஊதாச் சாயத்தின் வேதி அமைப்பைக் கண்டறிந்தவர். அதற்கும் முன்னால், பிற்காலத்தில் சீனாவின் பெரிய எழுத்தாளரான லூ ஷுன் 1904-ல் இதே ஊருக்கு மருத்துவம் படிக்க வந்தார். அந்த மருத்துவக் கல்லூரி பின்னால் தொஹோகுவோடு சேர்ந்தது. மொழி சரியாக வராத அந்த மாணவரின் குறிப்பேட்டை ஃபுஜினோ என்ற ஆசிரியர் சிவப்பு மையில் வரிக்கு வரி திருத்திக் கொடுத்தார். வெளியூர்ப் பிள்ளைக்கு உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர்கள் இன்றைக்கும் அங்கே இருக்கிறார்கள். அப்படிப்பட்டவரிடம் படித்தவன் என்பதால் தைரியமாகச் சொல்கிறேன்.

தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் என்று நீங்கள் நினைத்தது டோக்கியோ தொழில்நுட்பக் கழகம் என்றால், அதுவே 2024 அக்டோபரில் ஒரு மருத்துவப் பல்கலைக்கழகத்தோடு இணைந்து புதுப் பெயரில் இயங்குகிறது. ஆகவே அந்த வித்தியாசம் முன்பு போல் கூர்மையாக இல்லை. உங்களுக்குப் பிடித்த லேப் அங்கே இருந்தால் தாராளமாக அங்கே போங்கள்.

ஆங்கிலம் போதுமா? பட்டம் வாங்கப் போதும். தொஹோகுவின் அறிவியல் முதுகலைப் பள்ளியில் ஆங்கிலத்திலேயே முடிக்கும் வழி இருக்கிறது, அக்டோபரில் சேரலாம். 2009-ல் அரசு தொடங்கிய குளோபல் 30 திட்டத்துக்குப் பிறகு பல பல்கலைக்கழகங்களில் இப்படி வந்துவிட்டது. ஆனால் நான் இப்போது சொன்ன அந்தப் பெரிய இடம் முழுவதும் உங்களுக்குத் திறக்க வேண்டும் என்றால் ஜப்பானிய மொழி வேண்டும். வேறு புலத்தில் நடக்கும் நல்ல வகுப்பு ஜப்பானிய மொழியில் இருக்கும். கருவியின் மேல் ஒட்டியிருக்கும் எச்சரிக்கை, ரசாயனக் கழிவை எந்தக் கலனில் ஊற்ற வேண்டும் என்ற குறிப்பு, பக்கத்து மேசைக்காரர் மதியச் சாப்பாட்டின்போது சொல்லும் ஒரு யோசனை, எல்லாமே ஜப்பானிய மொழிதான். ஆராய்ச்சியில் பாதி விஷயத்தைச் செமினாரில் கற்றுக்கொள்வதில்லை, அந்தப் பேச்சில்தான் கற்றுக்கொள்கிறோம். ஆங்கிலத்தை மட்டும் நம்பி வந்து, அருமையான லேபில் இருந்துகொண்டு, இரண்டு வருடமும் தனியாகவே இருந்துவிட்டுப் போனவர்களைப் பார்த்திருக்கிறேன். மனதுக்கு மிகவும் வருத்தமாக இருக்கும்.

அதனால் இன்றைக்கே ஆரம்பியுங்கள். ஹிரகனா, கதகனா என்ற இரண்டு எழுத்து முறைகளும் ஒரு மாதத்தில் வந்துவிடும். ஜே.எல்.பி.டி. என்ற ஜப்பானிய மொழித் திறன் தேர்வு சென்னையிலும் நடக்கிறது. அதில் என்5 தொடக்க நிலை, என்1 உச்ச நிலை. கிளம்புவதற்கு முன் என்4 முடித்துவிட்டால் நல்ல அடித்தளம். நமக்கு ஒரு வசதி: வினைச்சொல் கடைசியில் வருவது, வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னால் ஒட்டுவது எல்லாம் தமிழ் மாதிரியே இருப்பதால் வாக்கியம் அமைப்பது சீக்கிரம் பழகும். சீன எழுத்துகளான 'கான்ஜி'க்குத்தான் பொறுமை வேண்டும். அங்கே போன பிறகு பல்கலைக்கழகமே மாணவர்களுக்கு மொழி வகுப்பு நடத்துகிறது, அதை விட்டுவிடாதீர்கள். படித்து முடித்து அங்கேயே வேலை தேடும் எண்ணம் இருந்தால், பெரும்பாலான கம்பெனிகள் என்2 அளவாவது எதிர்பார்க்கின்றன.

அப்பாவின் கேள்விக்கு வருகிறேன். தேசியப் பல்கலைக்கழகங்களின் நிலையான கட்டணம் வருடத்துக்கு 535,800 யென், ஏறக்குறைய மூன்று லட்சம் ரூபாய். சேர்க்கைக் கட்டணம் ஒரே ஒரு முறை 282,000 யென். இது எப்போதும் இப்படியே இருக்கும் என்று நினைக்க வேண்டாம். டோக்கியோ பல்கலைக்கழகம் 2025-ல் சேரும் இளநிலை மாணவர்களுக்கு 642,960 யென்னாக உயர்த்தியது. வெளிநாட்டு மாணவர்களுக்குத் தனியாகக் கூடுதல் கட்டணம் வைக்கவும் 2024-ல் விதி இடம் கொடுத்துவிட்டது. விண்ணப்பிக்கும் வருடத்துக் கட்டணத்தைப் பல்கலைக்கழகப் பக்கத்திலேயே பாருங்கள்.

ஜப்பான் அரசின் மெக்ஸ்ட் உதவித்தொகை கிடைத்தால் இந்தக் கவலையே இல்லை. கட்டணம் கிடையாது, போக வர விமானச் செலவு உண்டு, முதுகலைக்கு மாதம் 144,000 யென் கையில் வரும். சென்டாயில் ஒரு மாணவர் அதில் நன்றாகவே வாழலாம். தூதரகம் வழியாக விண்ணப்பிக்க, பெரும்பாலும் ஏப்ரல், மே மாதங்களில் அறிவிப்பு வரும். எழுத்துத் தேர்வும் நேர்காணலும் உண்டு. அதில் தேறிய பிறகு நீங்களே பல்கலைக்கழகத்துக்கு எழுதி, ஏற்றுக்கொள்கிறோம் என்ற தற்காலிகக் கடிதம் வாங்க வேண்டும். முன்பே ஒரு பேராசிரியரோடு பழக்கம் இருந்தால் அந்த வேலை சுலபம். பல்கலைக்கழகமே பரிந்துரைக்கும் இன்னொரு வழியும் இருக்கிறது, அதைப் பேராசிரியரிடம் கேளுங்கள்.

உதவித்தொகை இல்லாமல் போகிறவர்கள் பகுதி நேர வேலையை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். அனுமதி வாங்கினால் வாரம் 28 மணி நேரம்வரை செய்யலாம், உண்மைதான். ஆனால் வேதியியல் லேபில் பரிசோதனை ராத்திரிவரை இழுக்கும், அவ்வளவு நேரம் கிடைக்காது. முதல் வருடச் செலவு கையில் இருக்க வேண்டும். விடுதி கிடைத்தால் வாடகை நிறைய மிச்சமாகும். தொஹோகுவின் யூனிவர்சிட்டி ஹவுஸ் விடுதியில் எட்டுப் பேருக்கு ஒரு பிரிவு. தனித்தனி அறை, பொதுவாக ஒரு சமையலறையும் கூடமும். ஜப்பானியப் பிள்ளைகளும் கலந்து இருப்பதால் மொழியும் வரும். போனதும் 14 நாளுக்குள் வார்டு அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும். அப்போதே தேசிய மருத்துவக் காப்பீட்டில் சேர்த்துவிடுவார்கள், ஆஸ்பத்திரிச் செலவில் 30 சதவீதம் மட்டும் நாம் கொடுத்தால் போதும். 20 வயது ஆனவர்களுக்கு ஓய்வூதியக் கட்டணமும் வரும். மாணவர் சலுகைக்கு அங்கேயே விண்ணப்பித்துவிடுங்கள், இல்லையென்றால் மாதாமாதம் பில் வரும்.

அம்மாவிடம் சொல்லுங்கள், சைவமாக வாழ முடியும், ஆனால் தானே சமைக்க வேண்டும். ஜப்பானியச் சூப், நூடுல்ஸ், வேகவைத்த காய்கறி என்று பார்க்கச் சைவம் போலத் தெரிவதிலும் காய்ந்த மீனில் எடுத்த 'தாஷி' சாறு இருக்கும். கடைக்காரர் பொய் சொல்வதில்லை, அவர்கள் அதை மீன் என்று எண்ணுவதில்லை. மாணவர் கேண்டீனில் பொருட்களின் விவரம் போட்டிருக்கும், படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். தோஃபு, பால், தயிர், முட்டைக்கோஸ், கத்தரிக்காய், வெண்டைக்காய் எல்லாம் சாதாரணக் கடையிலேயே கிடைக்கும். பருப்பும் மசாலாவும் ஆன்லைனில் வாங்கலாம். அரிசி பிசுபிசுப்பாக இருக்கும், தயிர் சாதத்துக்கு அது அருமை. முதல் மாதத்துக்குச் சாம்பார்ப் பொடியும் ஒரு சின்னக் குக்கரும் பெட்டியில் வைத்துக்கொள்ளுங்கள். கறிவேப்பிலையையும் மற்றச் செடி, காய், பழங்களையும் மட்டும் எடுத்துப் போகாதீர்கள், விமான நிலையத்திலேயே பிடித்துவிடுவார்கள்.

பேராசிரியருக்கு அனுப்பும் கடிதத்தை எழுதி முடித்ததும் எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள், படித்துப் பார்த்துச் சொல்கிறேன்.