ஒளியினின்று ஒளி: கிரேக்க மெய்யியலும் திரித்துவமும்

நேயர்களுக்கு என் வணக்கம். தந்தை, மகன், தூய ஆவி என மூவராய் இருப்பவர் ஒரே கடவுளே என்னும் கிறிஸ்தவர்களின் திரித்துவக் கோட்பாடு கிரேக்க மெய்யியலிலிருந்து அப்படியே எடுத்துக்கொள்ளப்பட்டது என்று சொல்வோர் உண்டு. சொற்களைப் பொறுத்தவரை அதில் உண்மை இருக்கிறது. கருத்தைப் பொறுத்தவரை என்னால் அதை ஏற்க முடியவில்லை.

கி.பி. 3ஆம் நூற்றாண்டில் ரோம் நகரில் கற்பித்த புளோட்டினஸ், பிளேட்டோவின் வழிநின்று, அனைத்துக்கும் அப்பாலான ஏகம், அதனின்று தோன்றும் பேரறிவு, பேரறிவினின்று தோன்றும் ஆன்மா என மூன்று மூலங்களைக் கூறினார். ஞாயிறு தான் குறையாமலே ஒளியைச் சொரிவதுபோல ஏகம் பேரறிவைத் தோற்றுவிக்கிறது என்பது அவர் கையாண்ட உவமை. மூன்று என்ற எண்ணையும் ஒளியையும் கண்டவுடன் திரித்துவத்தின் ஊற்றைக் கண்டுவிட்டதாகவே தோன்றும். ஆனால் இம்மூன்றும் ஓர் ஏணியின் படிகள். தோன்றியது தோற்றுவித்ததைவிடத் தாழ்ந்தது என்பது புளோட்டினஸிடம் மாறாத விதி.

இந்த ஏணிக்கு அருகில் நின்றவர் அலெக்சாந்திரியாவின் குருவான ஆரியுஸ் என்றே நான் கருதுகிறேன். பிறப்பில்லாதவர் தந்தை ஒருவரே, மகன் படைப்புகளில் தலையாயவர் என்று அவர் போதித்தார். அதை மறுக்கவே 325இல் பேரரசர் கான்ஸ்டண்டைன் கூட்டிய, ஆயர்களின் பேரவையான நிசேயா சங்கம், இன்றும் தமிழ்த் திருப்பலியில் நாம் சொல்லும் ‘ஒளியினின்று ஒளியாக’ என்ற தொடரையும், ‘தந்தையோடு ஒரே பொருளானவர்’ என்ற தொடரையும் விசுவாச அறிக்கையில் வைத்தது. பொருள் என்பது இங்கே ஒருவரின் உள்ளியல்பைக் குறிக்கிறது. பின்னதற்குரிய கிரேக்கச் சொல் விவிலியத்தில் இல்லை. விவிலியச் சொற்களாலேயே அறிக்கையை எழுத ஆயர்கள் முயன்றபோது, எதிர்த்தரப்பினர் ஒவ்வொரு சொல்லுக்கும் தமக்கேற்ற பொருள் கண்டு தமக்குள் கண்சாடை காட்டிக்கொண்டார்கள் என்று அலெக்சாந்திரியாவின் ஆயரான அத்தனாசியுஸ் பின்னாளில் எழுதினார். ஆகவே, மெய்யியலாரின் சொல்லைக் கடன் வாங்கியே மெய்யியலாரின் படிவரிசையைத் தகர்க்க வேண்டியதாயிற்று.

இருப்பினும், பொருள் ஒன்றே என்றால் மூவர் எவ்வாறு என்ற கேள்வி அரை நூற்றாண்டுக்கு மேல் திருச்சபையை அலைக்கழித்தது. ஏதென்சில் ஒன்றாகக் கல்வி பயின்ற நண்பர்களான செசரேயா பசிலியுவும் நாசியான்சு கிரகோரியும் இங்கே பெருந்துணை செய்தார்கள். பொதுவாக இருப்பதற்கும் தனித்து இருப்பதற்கும் உள்ள வேறுபாட்டைக் கொண்டு, ஒரே இறைப்பொருள், மூன்று ஆள்கள் என்று பசிலியு வகுத்தார். 381ஆம் ஆண்டுக் கான்ஸ்டாண்டிநோபிள் சங்கம் இவ்வழியிலேயே சென்றது.

அதற்கு முந்தைய ஆண்டு அதே நகரில் ஆற்றிய உரையில், கிண்ணம் நிரம்பி வழிவதுபோல் இறைநன்மை வழிந்தது என்று கிரேக்க மெய்யியலார் ஒருவர் துணிந்து சொன்னதைக் கிரகோரி, அவர் பெயரைக் கூறாமலே, வெளிப்படையாக மறுக்கிறார். அப்படிச் சொன்னால், தந்தையிடமிருந்து மகன் பிறந்தது தடுக்க முடியாத இயற்கைக் கசிவாகிவிடும், அது இறைமைக்குச் சற்றும் பொருந்தாது என்பதே அவர் காட்டிய காரணம்.